கண்ணோரத்து மை

தலைமூடி, முகமூடி, கழுத்துவரை ஜிப் போட்ட வெள்ளை உடுப்பு. எல்லாம் மாட்டிய பிறகு தூங்குமூஞ்சியின் கண்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"எங்கயாவது ஏதாவது இருக்கா, நல்லா பாருடி. ரூல் எல்லாம் மனப்பாடம் பண்ணவ நீதானே."

இடது கண்ணோரத்தில் மை இருந்தது. துடைத்தும் போகாத ஒரு கீற்று.

கதவுக்கு அந்தப் பக்கம் சிப் செய்யும் ஆய்வகம். மையோ பவுடரோ, ஒரு துகள் உதிர்ந்து சிலிக்கான் தகட்டில் விழுந்தாலும் அந்த இடத்துச் சிப் பாழ். அதனால்தான் உடுப்பு மாட்டியவரை இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று விதி. முதல் நாள் சோதனையில் தவறினால், இடம் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்குப் போய்விடும்.

இளநிலை மாணவர்களுக்கு இந்த விடுமுறையில் இருந்ததே ஒரே ஓர் ஆராய்ச்சி இடம்.

காத்திருந்தவள், இப்போது எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்த அளவுகோல். இரண்டுமே வகுப்பில் வைத்த பெயர்கள்.

மாலை வகுப்பில் மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்கியவளுக்கு இடம். வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, சிலிக்கான் தகட்டுக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் வில்லைகளைக் கீறல் விழாமல் இடுக்கியால் எடுத்து வைத்துப் பழகியவளுக்குக் காத்திருப்பு! நேர்முகத்தில் தூங்குமூஞ்சி என்ன சொன்னாளோ, பேராசிரியரின் சிரிப்பு வராந்தாவரை கேட்டது. அந்தச் சிரிப்பு அளவுகோலின் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்லடி. சுத்தமா இருக்கே."

பேராசிரியர் வந்தார். கைவிளக்கை உயர்த்திப் பிடித்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"கண்ணுல மை இருக்கேம்மா. யாரு பாத்துச் சொன்னது?"

தப்பாகப் பார்த்துச் சொன்னவரும் உள்ளே வரக்கூடாது. அந்த விதியும் அளவுகோலுக்கு மனப்பாடம்தான். வயிற்றெரிச்சலில் அது மட்டும் மறந்துபோயிருந்தது.

தூங்குமூஞ்சி திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தக் கண்களில் முதலில் ஒரு கேள்வி இருந்தது. பிறகு இல்லை.

"யாரும் பாக்கல சார். கை கழுவுற எடத்துக் கண்ணாடியில நானே பாத்துக்கிட்டேன்."

"அப்ப அடுத்த ஆள் மாட்டட்டும்."

அவர் போனதும் தூங்குமூஞ்சி ஜிப்பை இறக்கினாள். தன் உடுப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து புதியதை எடுத்து நீட்டினாள்.

அளவுகோல் மாட்டிக்கொண்டாள். கையுறை மணிக்கட்டுக்கு மேல் ஏறவில்லை. தூங்குமூஞ்சியே இழுத்துவிட்டாள். வெளியே துருத்திய முடியைத் தலைமூடிக்குள் தள்ளினாள்.

பிறகு முகத்துக்கு நேரே நின்று, வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லடி. சுத்தமா இருக்கே."