பத்தில் இரண்டு

குழாயில் தண்ணீர் நூலாக வந்தது.

பாத்திரத்தை அதன் அடியில் வைத்துவிட்டு சாயோ ஜன்னல் வழியே பார்த்தாள். கீழ் வீட்டு உமெ ஊர்ச் சுற்றறிக்கைப் பலகையை மார்போடு அணைத்தபடி சரிவில் ஏறிக்கொண்டிருந்தாள். சாயோவின் வாசல் வந்ததும் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாசல் தாண்டியதும் கழுத்து நேரானது.

மூன்று வருடமாகத் தினமும் இப்படித் திரும்பியும் சுளுக்காத கழுத்து.

"அக்கா, அது என்ன பலகை?"

கேட்டது மிகாமி. ஒசாகாவிலிருந்து வந்து நேற்று முதல் இங்கே தங்கியிருப்பவள். ஊர் ஊராகப் போய்ப் பழைய வழக்கங்களை ஒரு தடித்த நோட்டில் எழுதிக்கொள்கிறாள்.

"ஊர்ச் சேதி. வீடு வீடா போகும்."

"இங்க குடுக்கலையே?"

"நாங்க படிச்சாச்சு," என்றாள் சாயோ.

இவளைப் போல் நோட்டும் கேமராவுமாக வந்த ஒருவனால்தான் எல்லாம்.

ஆடி வெயில் தணியும் நேரத்தில் ஊரே பந்தம் பிடித்து வரப்பில் நடக்கும். வயல் பூச்சிகளை எல்லாம் ஒரு வைக்கோல் பொம்மையின் மேல் ஏற்றி ஆற்றில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீடு வர வேண்டும். பார்த்தால் பூச்சியும் கூடவே வந்துவிடும். மூன்று வருடம் முன்பு, சாயோவின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்த அவன் கரையில் நின்று படம் எடுத்தான். பளிச்சென்ற வெளிச்சத்துக்கு நான்கு பேர் திரும்பினார்கள். ஒருவர் ஊர்த் தலைவர் தோகுஜி.

அறுவடைக்கு முன்பு புகையான் பூச்சி விழுந்து கீழ் வயல்கள் வட்ட வட்டமாகக் கருகின.

திரும்பிப் பார்த்த நால்வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தோகுஜி சாயோவின் வீட்டுக்கு வந்து வாசல் படியிலேயே நின்றார். தேநீரைத் தொடவில்லை.

"ஊருன்னு இருந்தா ஒருத்தருக்கொருத்தர் செய்யறது பத்து. அதுல எட்டு இனிமே உங்களுக்கு இல்ல. தீப்பிடிச்சா வருவோம், சாவு விழுந்தா வருவோம். அதுவும் உங்க மேல பாசத்துல இல்ல. தீ எங்க கூரைக்கும் தாவும், பொணம் ஊருக்கே நாறும்."

சாயோவின் கணவன் கென்சோ சிரித்துவிட்டான்.

"என் கூரை தகரம். எங்க வம்சத்துல எல்லாருக்கும் நூறு வயசு. வரவே மாட்டோம்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போங்களேன், தலைவரே!"

அதன் பிறகு நடவுக்கு ஆள் வரவில்லை. கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை. குழாய்க்குத் தண்ணீர் வரும் மலை ஊற்றுக்குத் துணையும் வரவில்லை.

ஊற்று வாய்க்குத் தனியாகப் போகக் கூடாது என்பது ஊர் விதி. பாசிப் பாறை. அதற்குக் கீழே ஓடை செங்குத்தாக ஊருக்குள் இறங்குகிறது. ஒருவர் இறங்கி அடைப்பை எடுக்க, ஒருவர் மேலே கயிற்றைப் பிடிக்க வேண்டும். கென்சோ கயிற்றை ஒரு தேவதாரு மரத்தில் கட்டிக்கொள்வான்.

நேற்றைய மழையில் இலை அடைத்துக்கொண்டது. விடிந்ததும் கிளம்பினான்.

"கயிறு பிடிக்க நான் வரட்டா?"

"விருந்தாளிக்கு யாரு சோறு போடறது? அந்த மரம் போதும். உமெயை விட நல்லாவே பேசும்."

குழாய் இருமியது. பழுப்புத் தண்ணீர் குபுக்கென்று வந்தது, பிறகு தெளிந்து முழு வேகத்தில் கொட்டியது.

எடுத்துவிட்டான். இனி அரை மணியில் இறங்கிவிடுவான். சாயோ அவனுக்கும் சேர்த்து மிசோ சூப்பை அடுப்பில் வைத்தாள்.

மிகாமி சாப்பிட்டு முடித்தாள். ஊறுகாய் எந்த மாதத்தில் போடுவது என்று கேட்டு எழுதிக்கொண்டாள். சூப் ஆறியது. சாயோ சூடுபண்ணினாள். மறுபடி ஆறியது.

"அக்கா! இங்க வாங்களேன், எல்லாரும் வர்றாங்க!"

மிகாமி வாசலில் நின்று கூப்பிட்டாள்.

சரிவில் ஊர் ஏறி வந்துகொண்டிருந்தது. முன்னால் தோகுஜியும் இன்னொருவரும் தோளோடு தோளாக. பின்னால் வெள்ளை ஏப்ரன் கட்டிய பெண்கள். இருவர் ஊரின் பெரிய சோற்றுப் பானையைத் தூக்கி வந்தார்கள். ஒருத்தி கையில் காய் நறுக்கும் கத்திகள், துணியில் சுற்றியபடி.

இந்தப் பானையைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று சாயோவுக்கு ஞாபகமில்லை. வரட்டும். மூன்று வருடம் கழித்து வழி தெரிந்ததாக்கும். தோகுஜி நின்ற அதே படியில் எல்லாரையும் நிற்க வைக்க வேண்டும். தேநீர் கூடாது. கென்சோ வரட்டும், அவன் வாயால் நாலு கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைக்க வேண்டும்.

"கூப்பிடாமலே ஊரே சேர்ந்து சமைக்க வருதே! எவ்வளவு அழகான வழக்கம்," என்றாள் மிகாமி. கேமராவை உயர்த்தினாள். "இன்னிக்கு என்ன விசேஷம், அக்கா?"

வெளிச்சம் பளிச்சிட்டது. யாரும் முகத்தைத் திருப்பவில்லை. உமெ கூட.

உமெ நேராக சாயோவின் கண்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சாயோ மூச்சை இழுத்து முகர்ந்தாள். சூப் வாசனைதான். நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். தகரம் வெயிலில் மின்னியது. எங்கும் புகை இல்லை.

கீழே பார்த்தாள்.

ஒருவர்கூட ஓடி வரவில்லை.