பேசாத பிரிண்டர்

“பிரிண்டர் வேலை செய்யலை. கொஞ்சம் பாரேன்” என்றான் கணவன்.

கம்ப்யூட்டர் சர்வர்களோடு மல்லுக்கட்டுவதே பிழைப்பாகிப்போன மனைவி, ஈரத்தலையைத் துவட்டியபடி வந்து உட்கார்ந்தாள். கறுப்புத் திரையில் ‘டிமெசேஜ்’ கமாண்டைத் தட்டியதும் வரிகள் மளமளவென்று கொட்டின.

“அடேங்கப்பா! இதெல்லாம் என்ன?”

“கெர்னலோட லாக், அதாவது கம்ப்யூட்டரோட டைரி. எதைச் சொருகினாலும் பிடுங்கினாலும் இதுல பதிவாகிடும்.”

“இவ்வளவையும் படிக்கப் போறியா?”

“எதுக்கு? யுஎஸ்பினு வர்ற வரியை மட்டும் வடிகட்டினாப் போதும்.”

வடிகட்டினாள். கடைசி வரியில் அவள் பார்வை நின்றது: ‘யுஎஸ்பி டிஸ்கனெக்ட்’, பத்து நிமிஷத்துக்கு முன்னால்.

“வயர் லூஸா இருக்கும்” என்றான் அவசரமாக.

“லூஸா இருந்தா விட்டு விட்டு வரும். இது ஒரே இழுப்பு. அதுவும் நான் குளிக்கப் போன நேரத்துல!”

அவன் அசடு வழிந்தான். “சண்டை போட்டதிலேருந்து நீ முகங்கொடுத்தே பேசலை. எனக்கு வேற வழி தெரியலை.”

குனிந்து வயரைச் சொருகியவள், சிரிப்பை அடக்க முடியாமல் நிமிர்ந்தாள்.

“நேத்து உங்க வைஃபையை நான்தான் கட் பண்ணேன். ஓடி வந்து கூப்பிடுவீங்கனு பார்த்தா, போன் நெட்டை வச்சே சமாளிச்சுட்டீங்களே!”