அந்தப் பக்கமே போகாதீங்க

"நாளைக்கு நம்ம தெருவுல இருந்து ஒரு ஓட்டுகூட விழக் கூடாது" என்றார் மருந்துக் கடைக்காரர். கையில் ஒரு கட்டுத் துண்டறிக்கை வைத்திருந்தார். தையல்காரி மிஷினை நிறுத்தாமலே ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. தெருமுனைச் சாக்கடை உடைந்து நாலு வருஷமாகிறது. மழை பெய்தால் அவள் கடைக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். மிஷினைச் செங்கல் மேல் தூக்கி வைத்துத்தான் தைக்கிறாள்.

முறையிடப் போனவர்களைக் கவுன்சிலர் வாசலிலேயே நிறுத்தினார். "முந்நூறு பேர் இருக்கிற தெருவுல போன தேர்தல்ல பதினோரு ஓட்டுதான் விழுந்திருக்கு. அதுக்கு நான் எதுக்குங்க வந்து எட்டிப் பார்க்கணும்?"

இந்தத் தடவை பதிலடியாகத் தெருவே தேர்தலைப் புறக்கணிப்பது என்று முடிவாயிற்று. படகுக் கட்சிக்காரர்களும் குடைக் கட்சிக்காரர்களும் முதல்முறையாக ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். தையல்காரி படகு, அவள் புருஷன் குடை. வீட்டுக்குள்ளும் அன்றைக்குத்தான் சமாதானம்.

"தங்கச்சி, ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க" என்று மருந்துக் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "யாரும் போகலைன்னா, போற ஒரு ஆளோட ஓட்டுதான் மொத்தத் தெருவோட ஓட்டு. அப்படி எவனாவது கமுக்கமா போய்க் குத்திடப் போறான். நீ பாட்டுக்கு வீட்டுல இரு."

அவர் போனபின் அவள் துண்டறிக்கையைப் படித்தாள். 'நூலகக் கட்டடம், இரண்டாவது அறை, காலை ஏழு முதல் மாலை ஆறு வரை. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகாதீங்க.'

மறுநாள் காலையிலிருந்து அவளுக்குத் தையல் ஓடவில்லை. எதிர்வரிசை ரொட்டிக் கடைக்காரன் பரம்பரைக் குடை. அவன் ஒருத்தன் போய்க் குத்திவிட்டால் இந்தத் தெருவே குடை என்றல்லவா ஆகிவிடும்?

முடி வெட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் புருஷன் கிளம்பினான். அவன் தலை மறைந்ததும், பொத்தான் வாங்கப் போகிறவள்போல் பையை மாட்டிக்கொண்டு அவளும் சந்து வழியாக நழுவினாள்.

நூலக வாசலில் வரிசை வளைந்து வளைந்து சைக்கிள் நிறுத்தம் வரைக்கும் நின்றது. கடைசியில் நின்றவன் திரும்பினான். ரொட்டிக் கடைக்காரன், புருவமெல்லாம் மாவு.

"நான் சும்மா, யாராச்சும் வர்றாங்களான்னு பார்க்க வந்தேன்க்கா" என்றான்.

"நானும் அதுக்குத்தான்" என்று சொல்லி அவன் பின்னால் நின்றுகொண்டாள்.

முன்னால் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர், யாருக்கும் தன்னை அடையாளம் தெரியாது என்ற நம்பிக்கையில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவருக்கு நாலு பேர் தள்ளி அவள் புருஷன், வெட்டாத முடியோடு. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

உள்ளிருந்து தேர்தல் அலுவலர் எட்டிப் பார்த்தார். "எல்லாரும் ஒரே தெருவா? காலையில இருந்து நிக்காம வந்துட்டே இருக்கீங்களே. இருநூத்தி நாப்பது தாண்டிடுச்சு" என்றார். இனி எந்தக் கவுன்சிலரும் இந்தத் தெருவைத் தாண்டிப் போக முடியாது.

அப்போது மருந்துக் கடைக்காரர் வந்தார். வரிசை மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது. அவர் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நடந்து, கடைசி ஆளாகத் தையல்காரிக்குப் பின்னால் வந்து நின்று, சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார்.

அவளுக்குப் போன தைரியம் திரும்பி வந்தது. "ஏண்ணே, வீடு வீடா வந்து போடாதீங்கன்னு சொன்னது நீங்கதானே? நீங்களே வந்து நிக்கலாமா?"

"போன தேர்தலுக்கு 'தவறாம ஓட்டுப் போடுங்க'ன்னு ஒவ்வொரு மருந்துக் கவர்லயும் அச்சடிச்சுக் குடுத்தேனே தங்கச்சி, படிச்சியா?"