வலது கால் முதலில்

நூலகத்தை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மணி நாலு நாற்பது.

மேசையில் இரண்டு புத்தகங்கள் விரிந்து கிடந்தன. இரண்டிலும் ஆண்கள் வரிசையாக நின்று ஆடினார்கள். ஒன்றில் அரபிகள், மற்றதில் துருக்கியர்கள்.

எனக்கு வேண்டியது நாலே நாலு அடி. அதை ஆடத் தெரியாமல் என் தம்பி றெஜினோல்ட் ஹீத்ரோவில் வந்து இறங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொழும்பில் ஒருமுறை பிடிபட்டு உள்ளே போய் வந்தவன் அவன். இன்னொருமுறை போனால் வரமாட்டான்.

எண்பத்தேழாம் ஆண்டு. எங்கள் பாஸ்போர்ட்டுக்கு லண்டனில் விசா கேட்டார்கள், துருக்கிக்காரனுக்குக் கேட்கவில்லை. ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் மூளையைப் பாவித்தான். இஸ்தான்புல்லில் நின்ற எங்கள் பெடியன்கள் ஆறு பேரைச் சேர்த்து, அரபு எல்லைப் பக்கத்து நடனக் குழு என்று பெயர் வைத்தான். எங்கள் நிறத்துக்கும் அது ஒரு சாட்டு. துருக்கிப் பாஸ்போர்ட் கொடுத்தான், குஞ்சம் வைத்த உடுப்பும் கொடுத்தான். ஆட்டத்தை மட்டும் கொடுக்கவில்லை, கோதாரியில் போவான்!

போன கிழமை ஜெர்மனிக்குப் போன இன்னொரு குழுவை அங்கே ஆடிக் காட்டச் சொன்னார்களாம். ஒருவரையும் நாட்டுக்குள் விடவில்லையாம்.

நாளைக்குத் தம்பி ஆக்களுக்குப் பிளேன்.

அரபிகளின் ஆட்டத்தில் இடது கால் குறுக்கே வந்து நிலத்தை உதைத்தது. துருக்கியர்கள் சின்னவிரல்களைக் கொளுவிக்கொண்டு வலது காலில் தொடங்கினார்கள். பாஸ்போர்ட்டில் இருந்த ஊர் உர்ஃபா. அட்லஸில் தேடிப் பார்த்தேன். அது அரபு எல்லையில் கிடந்து என் உயிரை வாங்கியது. எந்தக் கால்?

எழுந்துபோய் அலுமாரிகளுக்கு நடுவில் நின்று ஆடிப் பார்த்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பொம்பிளை லண்டன் வால்தம்ஸ்டோவில் காலை உதறினால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? கண்ணாடி போட்ட நூலகக்காரி வந்துவிட்டாள். எதற்கு என்று கேட்டாள். கோயில் விழாவுக்கு என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். உர்ஃபா என்ற பெயரையும் சொன்னேன்.

சட்டென்று திரும்பிப் போனாள். பொலிசுக்குத்தான் போன் பண்ணப் போகிறாள் என்று நினைத்துச் சேலையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

தடித்த புத்தகம் ஒன்றோடு வந்தாள். உர்ஃபா ஆண்கள், அவர்களுக்குக் கீழே கால் தடங்கள், ஒவ்வொரு தடத்துக்கும் இலக்கம். வலது கால் முதலில். அவளைக் கட்டிப் பிடித்துக் கொஞ்சலாம் போலிருந்தது.

ஒவ்வொரு லைற்றாக அணைக்கத் தொடங்கினார்கள். புத்தகத்தை வெளியே கொண்டுபோக ஏலாது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடினேன்.

தெருமுனைப் போன் பெட்டியின் நம்பரைத்தான் தம்பிக்குக் கொடுத்திருந்தேன். ஐந்து மணி ஐந்துக்கு எடுப்பான். உள்ளே ஒருவன் சாய்ந்து நின்று சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் தட்டினேன். முதுகைக் காட்டினான். கதவைத் திறந்து, அவன் கையிலிருந்த ரிசீவரைப் பறித்துக் கொளுவியில் வைத்தேன். என் மூஞ்சியைப் பார்த்துப் பயந்துவிட்டானோ என்னவோ, வைதுகொண்டே போய்விட்டான்.

உடனே மணி அடித்தது.

"அக்கா, எந்தக் கால்?"

"வலது. சின்னவிரலைக் கொளுவோணும். வலது, இடது, வலது, பிறகு இடது காலைத் தூக்கி உதறு. எங்க, ஆடு பாப்பம்."

இஸ்தான்புல் தபால் கந்தோரில் அவனுடைய சப்பாத்துச் சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாம் முறை சரியாக வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்கள் சொன்ன மாதிரியே மற்ற ஆக்களுக்கும் பழக்கிறன் அக்கா, ஒரு சொல்லும் விடமாட்டன்" என்றான். பிறகும் ஒரு நிமிடம்போலக் கதைத்தோம். லைன் வெட்டுப்பட்டது.

செவ்வாய்க்கிழமை, தம்பிக்காக நான் பிடித்து வைத்திருந்த லோயர் போன் எடுத்தார். ஹீத்ரோவில் ஆடச் சொன்னார்களாம். ஆறு பேரும் வரிசையாக நின்று ஆடினார்களாம். ஓர் அடி பிழைக்கவில்லையாம். மொழிபெயர்க்க வந்த துருக்கிக்காரரே கைதட்டப் போனாராம்.

ஆனால் வலது காலை எடுத்து வைக்க முன்னர், அகமது, முஸ்தபா என்று பாஸ்போர்ட் வைத்திருந்த அந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டார்களாம். அதிகாரி இரண்டாம் தரம் ஆடச் சொல்லிப் பார்த்தாராம். இரண்டாம் தரமும் போட்டார்களாம். அன்றைக்கே பிளேனில் ஏற்றிவிட்டார்கள்.

"உங்கட தம்பி வேதக்காரன், சரி. மற்ற அஞ்சு பேரும் சைவப் பெடியள். அவங்கள் ஏன் போட்டவங்கள்?" என்று லோயர் கேட்டார்.

சோதனை எழுத அனுப்பும்போதும், கப்பலேற்றி அனுப்பும்போதும் அவனுக்கு நான் சொல்லாமல் விட்டதில்லை. அன்றைக்கும் லைன் வெட்டுப்பட முன்னர் அதைத்தான் சொன்னேன்.

"முதல்ல சிலுவையைப் போடு ராசா, பிறகு காலை எடுத்து வை."