சோதனை நம்பர்

“ஏனுங்க நல்லதம்பி, நாளைக்கு ஆப் வெளியாகுது. சோதனை மெசேஜெல்லாம் போற அந்த நம்பரை இன்னும் எடுக்கலீங்களா?” என்றாள் ஆர்த்தி.

நல்லதம்பி கணினியின் கறுப்புத் திரையில் தேடும் கட்டளையைத் தட்டினான். ஆப்பின் நிரலில் அந்த நம்பர் எங்கெங்கே இருக்கிறதென்று கருவி பக்கம் பக்கமாகக் காட்டியது. தன் சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு சாட்சியா என்று அவனுக்கே சிரிப்பு வந்தது.

“பாவம், யாருதுங்க? தினமும் தொந்தரவு பண்ணியிருக்கீங்க.”

“திட்டாத ஆளுதாங்க,” என்றபடி எல்லாவற்றையும் அழித்தான்.

மறுநாள் சாயங்காலம் மறையூரிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

“ஏய்யா, ஒடம்புக்குச் சொகமில்லையா? தெனமும் மெசேஜ் அனுப்புவியே, இன்னைக்கு ஒண்ணும் வரலையே. எனக்கு வாசிக்கத் தெரியாட்டியும், மணியடிச்சா புள்ள நம்மள நெனைக்கான்னு இருந்துக்கிடுவேன்.”

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: “பேசல்லாம் வேண்டாம்யா, உனக்கு வேலை இருக்கும். அத மட்டும் அனுப்பு.”