நட்சத்திரத்தைச் சுற்றிக் கரி

“தம்பி, சல்லிக் கிராமத்துக்கு விடுங்க! கெதியா! கரி இருக்கு!”

ஓர்ஸ் ஹில் முடக்கில் ஓட்டோவை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த முனீப் பதறிப் போனான். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், ஒரு காலில் கறுப்புச் செருப்பும் மறு காலில் நீலச் செருப்புமாக ஓடி வந்து பின்சீட்டில் ஏறிவிட்டாள்.

“எங்க ராத்தா கரி? நெருப்புப் பிடிச்சிட்டுதா?”

“நெருப்பு இல்ல. நட்சத்திரம்!” என்றவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவே இல்லை.

முனீப் வண்டியைக் கிளப்பிவிட்டுக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தான். முக்காடு ஒழுங்காக இருந்தது. முகமும் படித்த முகம். பயப்பட ஒன்றுமில்லை என்று பட்டது.

“என்ர பேர் ஜெமீலா. நட்சத்திரம் பார்க்கிறதுதான் தொழில்.”

“சாத்திரமா?”

“சாத்திரம் இல்ல தம்பி, விஞ்ஞானம். புதுசாப் பிறந்த நட்சத்திரத்தைச் சுத்தித் தட்டு மாதிரித் தூசி சுழலும். அதில இருந்துதான் எங்கட பூமி மாதிரிக் கோள்கள் உண்டாகிறது. பெரிய நட்சத்திரங்களிட தூசியில கரி இருக்கெண்டு முந்தியே தெரியும். எங்கட சூரியன் மாதிரிச் சின்னதுகளிலதான் காணுறது அரிது.”

“அவ்வளவு தூரத்தில இருக்கிற கரியை எப்பிடி ராத்தா காணுற?”

“நல்ல கேள்வி! அகச்சிவப்பு ஒளி எண்டு ஒண்டு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. அடுப்படியில நிண்டா முகத்தில வெக்கை அடிக்குதே, அது மாதிரி. நட்சத்திர வெளிச்சம் பட்டா அந்தக் கரி அதை விடும். விண்வெளியில நிக்கிற தொலைநோக்கி பிடிச்சுத் தரும். அப்பிடி ஒரு சின்ன நட்சத்திரத்திட வரைபடம் இண்டைக்குக் காலமை புதுசா வந்தது, தம்பி. அதில கரியிட கோடு மலை மாதிரி எழும்பி நிக்குது!”

“என்ர சைலன்சருக்குள்ள படியுதே, அந்தக் கரியா?”

“கிட்டத்தட்ட அதேதான்!”

முனீபுக்குத் தன் ஓட்டோமேல் திடீரென்று ஒரு மரியாதை வந்தது.

கடைத்தெருவில் இறங்கி ஒரு பெரிய பெட்டி மஸ்கட் இனிப்பு வாங்கினாள். கடற்கரை வீதியில், ஊருக்குள் திரியும் மான் ஒன்று குறுக்கே வந்து நின்றபோது, தலையை வெளியே நீட்டி, “கரி இருக்கடா!” என்று அதற்கும் சொன்னாள். மான் ஓடிவிட்டது. இப்போது முனீபும் சிரித்துக்கொண்டிருந்தான்.

“சல்லியில ஆரிட்டப் போறம்?”

“லக்சாயினி எண்டு ஒரு பிள்ளை. மீன்பிடிக் குடும்பம். ஆறு வருசத்துக்கு முதல், பழைய தொலைநோக்கியில எடுத்த வரைபடத்தில இதே கரியைக் கண்டுபிடிச்சது அவதான். அப்ப அது மயிரிழை மாதிரி ஒரு மேடு.”

“பிறகு?”

“ஆராய்ச்சிக் கூட்டத்தில சொன்னா. நூறு பேர் இருந்தவை. ஒரு ஆள் எழும்பி, ‘பிள்ளை, இது கரி இல்ல, உன்ர கணக்கில இருக்கிற அழுக்கு’ எண்டு சொல்லிச்சு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அண்டையோட அவ ஆராய்ச்சியை விட்டிட்டு ஊருக்கு வந்து டியூசன் குடுக்கிறா.”

முனீபுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆர் அந்தாள்? பெரிய படிப்பாளியோ?”

“அப்பிடித்தான் நினைப்பு.”

“மண்டைக்கனம் பிடிச்சவன்!”

“ஓம், சரியான மண்டைக்கனம்.”

“மூளை துருப்பிடிச்சவன்!”

“துருவேதான்!” ஜெமீலா கைதட்டினாள். “இன்னும் சொல்லுங்க தம்பி.”

உப்புவெளியிலிருந்து சல்லி வரைக்கும் முனீப் சொல்லிக்கொண்டே வந்தான். துறைமுகத்தில் பழகிய சில வார்த்தைகளை மட்டும் மரியாதைக்காக விழுங்கிக்கொண்டான்.

“இப்ப இதைக் கட்டுரையா எழுதோணும்,” என்றாள் ஜெமீலா. “முதல் பேர் லக்சாயினிட. ஆனா அவ ஓமெண்டு சொல்லோணுமே. நாலு தரம் எடுத்திட்டன், போனை எடுக்கிறாவில்ல.” அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிப்பு இறங்கியது.

“சல்லியில சிக்னல் மோசம், ராத்தா.”

கருவாடு காயும் பந்தல்களைத் தாண்டி ஒரு நீல வேலிக்கு முன்னால் ஓட்டோ நின்றது. சத்தம் கேட்டு வந்த இளம்பெண் வேலிக்கு உள்ளேயே நின்றுவிட்டாள்.

“மெடம்?” என்றாள். கதவைத் திறக்கவில்லை.

வழியெல்லாம் ஓயாமல் கதைத்த ஜெமீலா இப்போது போனை மட்டும் வேலிக்கு மேலால் நீட்டினாள்.

முனீபுக்குப் பொறுக்க ஏலவில்லை. “தங்கச்சி, கரி இருக்காம்! நீங்க சொன்னதுதான் சரியாம்! கோடு எழும்பி நிக்குதாம்!”

லக்சாயினி திரையைப் பார்த்தாள். கிட்டக் கொண்டுவந்து மறுபடி பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு துள்ளுத் துள்ளினாள்.

“அதே இடத்தில, மெடம்! அதே இடத்தில!”

“அதே இடத்தில,” என்றாள் ஜெமீலா. “கட்டுரையில முதல் பேர் உன்ரதான். எழுதுவமா?”

வேலிக் கதவு படாரென்று திறந்தது. இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள், அழுதார்கள். மஸ்கட் பெட்டி நடுவில் நசுங்கியது.

“அந்த மண்டைக்கனம் பிடிச்சவன் இனி மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைப்பான்?” என்று முனீபும் சேர்ந்து குதித்தான்.

லக்சாயினி சட்டென்று சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெமீலாவைப் பார்த்தாள்.

“அவன் இல்ல தம்பி, அவள்,” என்றாள் ஜெமீலா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அண்டைக்குக் கூட்டத்தில எழும்பி அப்பிடிச் சொன்னது நான்தான்!”