வடமலையின் கையெழுத்து

ஒரு நாளைக்கு இருபது வாசகராவது வராவிட்டால் அந்தக் கிளை நூலகத்தை மூடிவிடுவார்கள். வருவதோ நாலைந்து பேர். அதனால் நூலகர் பகவதி தினமும் சாயங்காலம், பழைய வருகைப் பதிவேடுகளைப் பார்த்து, மீதிப் பேரைக் கையெழுத்தோடு அச்சு அசலாக எழுதி வைப்பாள்.

அன்று பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதென்று உள்ளே வந்த ஓர் அம்மாள், கையெழுத்துப் போட்டுவிட்டு முந்தைய பக்கத்தைப் புரட்டியவள் ‘க. வடமலை’ என்ற பெயரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“இது எங்க வீட்டுக்காரர் கையெழுத்து. இந்த லைப்ரரிக்குப் போறேன்னு கிளம்பினவரு, முப்பது வருசமா வீடு திரும்பல. நேத்து வந்திருக்காரே.”

உண்மையைச் சொன்னால் பகவதிக்கு வேலை போய்விடும். அம்மாளோ வாசலைப் பார்த்து உட்கார்ந்தவள், பூட்டும் நேரமாகியும் எழுந்திருக்கவில்லை.

“மன்னிச்சிருங்கம்மா. அது நான் போட்டது,” என்றாள் பகவதி கடைசியில்.

அம்மாள் கோபப்படவில்லை. பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, தன் பெயருக்குக் கீழே விரலை வைத்தாள்.

“இதுவும் நீங்க போட்டதுதானா?”

க. வடமலை. இன்றைய தேதி. பகவதி இன்னும் பேனாவைத் திறக்கவே இல்லை.

அம்மாள் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.